பழைய கணினி, புதிய பிரவுசர்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, இணையம்தான் முரண்டு பிடிக்கிறது என்கிறார்கள். கணிப்பு சரிதான். டைப் அடிக்க, பாட்டு கேட்க, கணக்கு எழுத பதினைந்து வருடத்துக்கு முந்தைய ப்ராசஸரே போதும். அந்தக் கணினியில் ஓடும் பிரவுசருக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை வருகிறதோ, அதுதான் இணையத்தைப் பொறுத்தவரை அதன் ஆயுள். இயங்குதளத்தை மாற்றச் சொல்லும் இடங்களில் எல்லாம் காரணம் அதுவே.

கேள்வி: 2012-ல் மகனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் இருக்கிறது. 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7. குரோம் 109-க்கு மேல் ஏற மறுக்கிறது. மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். இதைத் தேற்ற முடியுமா?
— விவசாயி, அருப்புக்கோட்டை

தேற்றலாம். குரோம் 109 என்பது விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் வந்த கடைசிப் பதிப்பு; 2023 ஜனவரியில் வெளியானது. விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவு அதற்கும் முன்பே, 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. இன்று மாலையே ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் ஃபயர்ஃபாக்ஸ் 115 இ.எஸ்.ஆர். (நீண்டகால ஆதரவுப்) பதிப்பைப் போடுங்கள். விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி ஃபயர்ஃபாக்ஸ் வரிசை அது. அதை நிறுத்தும் தேதியை மோசில்லா பலமுறை தள்ளிப்போட்டிருக்கிறது. இன்னொரு முறையும் தள்ளிப்போடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

நிரந்தர வழிக்கு மூன்று வேலைகள்: ரேமைக் கூட்டுவது, ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்), விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம். இதே வரிசையில் செய்யுங்கள்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகு அடிமூடியைத் திறங்கள். உள்ளே இருக்கும் ரேம் ஒட்டியில் பி.சி.3 அல்லது பி.சி.3எல் என்று இருக்கும். இரண்டுமே 204 முனை கொண்ட டி.டி.ஆர்.3 லேப்டாப் ரேம்தான். முதலாவது 1.5 வோல்ட்டில் மட்டும் ஓடும். இரண்டாவது 1.35 வோல்ட்டிலும் ஓடும், 1.5-லும் ஓடும். ஆகவே எது என்று குழப்பமாக இருந்தால் பி.சி.3எல் வாங்குங்கள், இரண்டு வகை போர்டிலும் உட்காரும். மாற்றி வாங்கினால் சில போர்டுகளில் திரையே வராது. இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் 4 ஜி.பி. ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 6. ஒரே ஸ்லாட் என்றால் 2-ஐ எடுத்துவிட்டு 4. போட்ட பின் பீப் ஒலி மட்டும் கேட்டால் பயப்படாதீர்கள். தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகை என்று கேளுங்கள். 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். அதன் தடிமன் 7 மில்லிமீட்டர். பழைய லேப்டாப்பின் குழி 9.5-க்கு வெட்டப்பட்டிருக்கும். ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வேண்டும், சில பெட்டிகளில் கூடவே வரும். பழைய போர்டு சாட்டா 2 என்றால் விநாடிக்கு 280 எம்.பி. அளவுக்கு மேல் போகாது, கடைக்காரர் சொல்லும் 500 கிடைக்காது. கவலை வேண்டாம். ஹார்டு டிஸ்க்கை இழுத்துப் பிடிப்பது வேகம் குறைவு என்பதைவிட, சிறுசிறு கோப்புகளைத் தேடி அதன் முள் அங்கும் இங்கும் ஓடுவதுதான். எஸ்.எஸ்.டி.யில் முள்ளே கிடையாது.

இனி லினக்ஸ். உங்கள் ப்ராசஸர் 64-பிட்டா என்று பார்க்க வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அந்த லேப்டாப்புகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32-பிட்டில் மட்டுமே வெளியானது. அதனால் சிஸ்டம் விவரத்தில் ‘32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்றே காட்டும். அது விண்டோஸைப் பற்றிய தகவல், சிப்பைப் பற்றியது அல்ல. கண்ட்ரோல் பேனலில் பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் பகுதிக்குள் போய், விவரங்களைப் பார்க்கும் இணைப்பைச் சொடுக்கினால் ‘64-பிட் கேப்பபிள்’ என்ற வரி இருக்கும். அதற்கு நேரே ‘யெஸ்’ என்றால் போதும்.

லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்.எஃப்.சி.இ. (இலகுவான டெஸ்க்டாப்) பதிப்பை இறக்குங்கள். 2029 வரை திருத்தங்கள் வரும். அதை நிறுவ 8 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும். விண்டோஸ் 7-ல் இருந்தபடியே பென் டிரைவ் தயாரிக்க ரூஃபஸ் என்ற நிரலின் 3.22 பதிப்பைத் தேடி எடுங்கள், அதற்குப் பின் வந்த ரூஃபஸ் விண்டோஸ் 7-ல் திறக்காது. பார்ட்டிஷன் முறை எம்.பி.ஆர். என்று வையுங்கள். முதல் தடவை ஐ.எஸ்.ஓ. முறையில் எழுதுங்கள். கணினி அதிலிருந்து தொடங்கவில்லை (பூட் ஆகவில்லை) என்றால் டி.டி. முறையில் மறுபடி எழுதுங்கள்.

பூட் மெனு வர, லெனோவோவிலும் டெல்லிலும் எஃப்12. எச்.பி.யில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஏசரிலும் எஃப்12தான். ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் ‘எஃப்12 பூட் மெனு’ என்ற வரியை எனேபிள் செய்யாவிட்டால் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் வராது.

உடனே நிறுவாதீர்கள். பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, திரை வெளிச்ச விசைகள், மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, நான்கையும் பாருங்கள். வைஃபை மட்டும் காணோம் என்றால் உள்ளே பிராட்காம் சிப் இருக்க வாய்ப்பு அதிகம். ஆண்ட்ராய்டு போனை யு.எஸ்.பி. கேபிளில் செருகி யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்குங்கள். இணையம் கிடைத்துவிடும். நிறுவிய பின் அதே வழியில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பிராட்காமுக்கான டிரைவரை அதுவே காட்டும்.

கடைசியாக ஒன்று. அந்த லேப்டாப்புகள் சிலவற்றில் விண்டோஸுடன் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கும். லினக்ஸ்தானே என்று அந்தப் பழைய பதிப்பையே இணையத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் உள்ள பிரவுசரும் அன்றைய வயதுதான்.

கேள்வி: தினமும் காலையில் கணினியைப் போட்டால் தேதி 2009 என்று காட்டுகிறது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்கிறது. வைரஸா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

வைரஸ் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கணினி தன்னை 2009-ல் இருப்பதாக நினைப்பதால், எல்லாச் சான்றிதழும் ‘இன்னும் பிறக்கவே இல்லை’ என்று தள்ளுகிறது. டெஸ்க்டாப் என்றால் மின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியைத் தள்ளினால் தானே மேலெழும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதைப் போட்டு, பயாஸில் தேதி, நேரம் வைத்துச் சேமியுங்கள். புதிய பேட்டரி 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7-க்குக் கீழே இருந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். லேப்டாப்பில் அதே பேட்டரி இரண்டு கம்பியுடன் பிளாஸ்டிக் உறையில் இருக்கும், கம்பியோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

தேதி சரியான பிறகும் சில தளங்கள் மட்டும் அடம்பிடித்தால் காரணம் வேறு. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. பல ஆண்டுகளாக அப்டேட் நிறுத்திவைக்கப்பட்ட விண்டோஸில் அதற்கு மாற்றான புதிய மூலச் சான்றிதழ் இருக்காது. பழைய குரோம் விண்டோஸின் பட்டியலை நம்பும். ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே கொண்டுவரும். அதனால்தான் குரோமில் திறக்காதது ஃபயர்ஃபாக்ஸில் திறக்கிறது.

கேள்வி: ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பில் போடும் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இருக்கிறது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பேரலல் போர்ட்டில். இதே கணினியில் ஜி.எஸ்.டி. தளமும் பேங்க் தளமும் திறக்க என்ன பிரவுசர் போடலாம்?
— கடை உரிமையாளர், பொள்ளாச்சி

எதுவும் போடாதீர்கள். திறக்க வழி இல்லாமல் இல்லை. சூப்பர்மியம், மைபால் என்று ஆர்வலர்கள் எக்ஸ்.பி.க்காகவே பராமரிக்கும் பிரவுசர்கள் இருக்கின்றன, அவற்றில் பல தளங்கள் திறக்கவும் செய்யும். ஆனால் பிரவுசர் புதியதாகிவிட்டால் கீழே இருக்கும் இயங்குதளம் புதியதாகிவிடாது. எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்தது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் வெளியிட்டது. அது நுழைந்த பாதுகாப்புத் துளை பிரவுசரில் இல்லை, கோப்புப் பகிர்வில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பேங்க் கடவுச்சொல்லை அந்தக் கணினியில் அடிப்பது, பூட்டில்லாத கல்லாவைத் தெருவில் வைப்பது மாதிரி.

எக்ஸ்.பி.யை பில் போட மட்டும் வையுங்கள். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். ஜி.எஸ்.டி.க்கும் பேங்குக்கும் வேறு ஒரு பழைய லேப்டாப்பில் லினக்ஸோ, திருத்தம் வரும் விண்டோஸோ போதும்.

உங்களை நிஜமாகவே கவிழ்க்கப்போவது அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க். அது 40 முனை ஐ.டி.இ. வகையாக இருந்தால் இப்போது புதிதாக யாரும் தயாரிப்பதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமையே குளோன்ஜில்லா என்ற நிரல் கொண்டு முழு டிஸ்க்கையும் வெளி டிரைவில் படிமமாக (அச்சு அசல் நகலாக) எடுத்து வையுங்கள். பில் கோப்புகளை மட்டும் காப்பியடிப்பது போதாது. அந்த சாஃப்ட்வேரின் சிடி எங்கே என்று டிஸ்க் போன அன்றைக்குத்தான் தேடுவீர்கள். அதே படிமத்தைப் பின்னால் சாட்டா டிஸ்க்குள்ள வேறு கணினியில் இறக்கினால் 7பி என்று முடியும் எண்ணுடன் நீலத்திரை வரலாம். சாட்டாவின் ஏ.எச்.சி.ஐ. முறை எக்ஸ்.பி.க்குத் தெரியாது. பயாஸில் சாட்டா முறையை ஐ.டி.இ. என்று மாற்றினால் பெரும்பாலும் ஏறிவிடும்.

நாளைக்கு விண்டோஸ் 10 உள்ள கணினிக்கு மாறும்போது பிரிண்டர்தான் தகராறு செய்யும். யு.எஸ்.பி.–பேரலல் கேபிள் வாங்கிச் செருகினால் நோட்பேடிலிருந்து அச்சாகும், பில் சாஃப்ட்வேரிலிருந்து ஆகாது. டாஸ் காலத்து நிரல்கள் எல்.பி.டி.1 என்ற போர்ட்டுக்கு நேராக எழுதுபவை, அந்தக் கேபிளோ எல்.பி.டி.1-ஐ உருவாக்குவதில்லை. பிரிண்டரை ஷேர் செய்யுங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்.பி.டி.1-ஐ அந்த ஷேர் பெயருடன் இணைத்து, ‘பெர்சிஸ்டன்ட்’ என்பதை ‘யெஸ்’ ஆக்குங்கள். இதிலும் ஒரு குழி இருக்கிறது. நெட்வொர்க் கேபிள் செருகாத கணினியில் இந்த இணைப்பு அறுந்துபோகும். டிவைஸ் மேனேஜரில் மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டர் ஒன்றைச் சேர்த்துவிட்டால், கேபிள் இல்லாமலே நெட்வொர்க் இருப்பதாக விண்டோஸ் நம்பிக்கொள்ளும்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்ற நிரலுக்குள், கணினிக்குள் கணினியாக எக்ஸ்.பி.யை ஓட்டுவதும் நல்ல வழிதான். ஆனால் பேரலல் போர்ட்டில் செருகும் லாக் (நகலெடுப்பதைத் தடுக்கும் சாவி) உள்ள சாஃப்ட்வேர் என்றால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. வாங்கிய நிறுவனத்திடம் யு.எஸ்.பி. லாக்காக மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ், பிரேவ் — இதில் குறைந்த ரேம் எடுப்பது எது? ‘லைட்’ பிரவுசர் என்று ஏதேதோ விளம்பரம் வருகிறதே?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

ஒரே பத்து தளங்களைத் திறந்து வைத்தால் நான்குக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ரேமைத் தின்பது தளங்கள்தான். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி புராசஸ் என்பது இன்றைய பிரவுசர்களின் பாதுகாப்பு முறை. ஒரு தளம் இன்னொன்றை எட்டிப் பார்க்காமல் இருக்க அந்தத் தடுப்பு வேண்டும், அதற்கு விலை ரேம். ‘லைட்’ என்று விற்கப்படுபவற்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் குரோமின் அடித்தளமான குரோமியமே இருக்கும், பல மாதம் பின்தங்கிய பதிப்பாக.

பலன் தருவது விளம்பரத் தடுப்பான். ஒரு செய்தித்தளப் பக்கத்தில் செய்தி சில கிலோபைட்தான். மிச்சமெல்லாம் விளம்பரமும் உங்களைப் பின்தொடரும் நிரல்களும். ஃபயர்ஃபாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் முழுமையாக வேலை செய்கிறது. குரோம் தன் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) விதிகளை மாற்றிவிட்டதால் அங்கே அதன் ‘லைட்’ வடிவம்தான் கிடைக்கும். பழைய கணினிக்கு நாங்கள் ஃபயர்ஃபாக்ஸையே சொல்வதற்கு இதுதான் முதல் காரணம். குரோமையே பிடித்துக்கொண்டிருப்பவர்கள் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை இயக்குங்கள். ஷிஃப்ட்–எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த நீட்சி எவ்வளவு எடுக்கிறது என்று குரோமே பட்டியல் போடும். கூப்பன் தேடித் தருகிறோம், பி.டி.எஃப். மாற்றுகிறோம் என்று வந்து ஒட்டிக்கொண்ட நீட்சிகளை அங்கே பிடித்துவிடலாம்.

லினக்ஸ் மின்ட்டில் இருப்பவர்கள் சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘ஜிராம்-கான்ஃபிக்’ என்று தேடி நிறுவி, கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ரேமில் பாதி அளவுக்கு அழுத்திச் சுருக்கிய ஸ்வாப்பை (ரேம் நிரம்பும்போது தள்ளிவைக்கும் இடத்தை) ரேமுக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும். 4 ஜி.பி. உள்ள கணினியில், அதிலும் இன்னும் ஹார்டு டிஸ்க்கே இருந்தால், கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இது. ரேம் நிரம்பி டிஸ்க்குக்குத் தள்ளும்போதுதானே மவுஸ் அம்பே உறைந்து நிற்கிறது!

கேள்வி: ஐ3 இரண்டாம் தலைமுறை, 8 ஜி.பி. ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் இருக்கிறது. யூடியூப் மட்டும் 720-லேயே திக்கித் திக்கி ஓடுகிறது, ஃபேன் கத்துகிறது.
— தையற்கலைஞர், பெருந்துறை

யூடியூப் ஒரே வீடியோவைப் பல வகையில் சுருக்கி வைத்திருக்கிறது. முடிந்தவரை வி.பி.9 அல்லது ஏ.வி.1 வகையைத்தான் அனுப்பும், அவர்களுக்கு டேட்டா மிச்சம். 2011-ல் வந்த உங்கள் சிப்பில், யூடியூப் அனுப்பும் வகைகளில் எச்.264-ஐ விரிக்க மட்டுமே தனிச் சுற்று இருக்கிறது. வி.பி.9 வந்தால் அந்தச் சுற்று சும்மா இருக்க, முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில் விழுகிறது. ஃபேன் கத்துவது அதனால்தான்.

‘எச்264இஃபை’ என்ற நீட்சி ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுக்கும் உண்டு. அதைப் போட்டால் பிரவுசர் ‘எனக்கு எச்.264 மட்டும்தான் தெரியும்’ என்று யூடியூபிடம் சொல்லிவிடும். அதிலேயே 60 ஃபிரேம் வீடியோக்களைத் தடுக்கும் பெட்டியும் இருக்கும், டிக் செய்யுங்கள். வீடியோ மேல் வலது சொடுக்கு கொடுத்து ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ திறந்தால், கோடெக் (சுருக்க வகை) வரியில் வி.பி.09 என்று இருந்தது ஏ.வி.சி.1 என்று மாறியிருக்க வேண்டும். எச்.264-ல் யூடியூப் 1080 வரைதான் தரும். உங்கள் திரைக்கு அதுவே அதிகம்.

கேள்வி: 10 அங்குல நெட்புக், ஆட்டம் என்270, 1 ஜி.பி. ரேம். என்ன லினக்ஸ் போடலாம்?
— நூலகர், யாழ்ப்பாணம்

இணையத்துக்காக என்றால் காசு செலவழிக்காதீர்கள். 2008-ல் வந்த என்270 வெறும் 32-பிட் சிப். ரேமை 2 ஜி.பி.க்கு மேல் ஏற்றவும் முடியாது. 32-பிட் உலகம் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு வருகிறது. லினக்ஸில் 32-பிட் குரோம் 2016-லேயே நின்றது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் லினக்ஸ் 13-ல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியே கிடையாது. ஃபயர்ஃபாக்ஸ் 145 முதல் 32-பிட் லினக்ஸுக்கு வருவதில்லை, 140 இ.எஸ்.ஆர். மட்டும் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும்.

இருப்பதை வைத்து ஓட்ட, டெபியன் 12-ன் 32-பிட் பதிப்பை எல்.எக்ஸ்.டி.இ. டெஸ்க்டாப்புடன் போடலாம். நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை இருக்கிறது. அதைவிட இலகுவாக வேண்டும் என்றால் ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ். எழுத, பி.டி.எஃப். படிக்க, பாட்டு கேட்க நன்றாக இருக்கும். விக்கிப்பீடியா போன்ற எழுத்து மிகுந்த பக்கங்களுக்கு டில்லோ என்ற குட்டிப் பிரவுசர் போதும். பல ஆண்டு உறக்கத்துக்குப் பின் 2024-ல் அதற்குப் புதிய பதிப்பு வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் அதற்குத் தெரியாது. ஆகவே ஜிமெயில், பேங்க், யூடியூப் எதுவும் நடக்காது, ஆனால் கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்துவிடும். நூலகத்தில் பட்டியல் தேடும் கணினியாக வைக்க ஏற்றது என்பது எங்கள் எண்ணம், பட்டியல் மென்பொருளின் பக்கம் ஜாவாஸ்கிரிப்ட் கேட்காமல் இருந்தால்.

நெட்புக்கின் அடியில் என்450, என்455 என்று இருந்தால் கதை கொஞ்சம் மாறும். அவை 64-பிட். ரேம் எல்லை அதே 2 ஜி.பி.தான்.

கேள்வி: லினக்ஸுக்கு மாறினால் தமிழ்99 தட்டச்சு கிடைக்குமா? பாமினி, வானவில் எழுத்துருவில் உள்ள பத்து வருடக் கோப்புகள் என்னாகும்?
— டி.டி.பி. மையம், சிவகாசி

தட்டச்சு பிரச்சினையே இல்லை. மின்ட்டில் ‘இன்புட் மெத்தட்’ பகுதியைத் திறந்து, மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, தட்டச்சுக் கருவியான ஐபஸ் நிறுவுங்கள். கூடவே எம்17என் பொதியும் வேண்டும், அதற்குள்தான் தமிழ்99, பொனடிக், டைப்ரைட்டர் மூன்றும் இருக்கின்றன. ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் பட்டியலில் தெரியும். தெரியவில்லை என்று பலர் மறுபடி மறுபடி நிறுவுவது இந்த ஒரு படியைத் தவற விடுவதால்.

கோப்புகள் விஷயம் வேறு. பாமினியிலும் வானவில்லிலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள். மேலே தமிழ் முகம் மாட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை. பழைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து அந்த டி.டி.எஃப். கோப்புகளை எடுத்து, லினக்ஸில் உங்கள் ஹோம் அடைவுக்குள் புள்ளியில் தொடங்கும் ‘ஃபான்ட்ஸ்’ என்ற அடைவை உருவாக்கி அதில் போடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் வேர்ட் கோப்பு பழையபடி திறக்கும். வரி உடையும் இடங்கள் மட்டும் சில பக்கங்களில் நகரும். அரசு அலுவலகங்களுக்கும் இணையத்துக்கும் இனி யூனிகோட்தான். தமிழக அரசு 2010-லேயே அதைத் தரமாக அறிவித்துவிட்டது. பழைய கோப்பை யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்த பின் ஸ்ரீ, கூட்டல் குறி, ஒற்றை மேற்கோள், ஆங்கிலச் சொற்கள் நான்கையும் தனியாகச் சரிபாருங்கள். மாற்றி உங்கள் ஊர் பின்கோடைக்கூடச் சில சமயம் தமிழாக்கிவிடும்.

பேஜ்மேக்கரில் வேலை செய்பவர் என்றால் லினக்ஸ் பக்கம் வராதீர்கள். அந்த விண்டோஸ் கணினியை இணையமில்லாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னது உங்களுக்கும்.

கேள்வி: ஐ5 ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. ரூஃபஸ் மூலம் ஏற்றிவிடலாம் என்கிறார் மைத்துனர்.
— கணக்காளர், கும்பகோணம்

மைத்துனர் சொல்வது நடக்கும். மைக்ரோசாஃப்ட் கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி. அந்தச் சோதனையை ரூஃபஸ் நீக்கித் தரும். மாதாந்திரத் திருத்தங்கள் பொதுவாக வந்துகொண்டிருக்கும். ஆண்டுப் பதிப்பு மட்டும் தானாக ஏறாது. ஒவ்வொரு முறையும் அதே பென் டிரைவ் வேலை. கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் இதை முயலவே வேண்டாம். 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 கேட்கும் சில கட்டளைகள் அந்தச் சிப்பிலேயே இல்லை, சோதனையை நீக்கினாலும் பூட் ஆகாது.

வாடிக்கையாளர் கணக்கு பார்ப்பவருக்கு நாங்கள் சொல்வது வேறு. விண்டோஸ் 10-ன் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தாலும், நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் வரும். பதிப்பு 22எச்2 ஆக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதியும் இணைப்பு இருக்கும். செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் கட்டணம் இல்லை. அந்த அவகாசத்தில் கணக்கு மென்பொருளையும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் புதிய கணினியில் சோதித்து முடித்துவிடுங்கள்.

கேள்வி: குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ் நல்லதா?
— வாசகர், கோலாலம்பூர்

கூகுளின் இந்த இயங்குதளம் பிரவுசர் மட்டும் போதும் என்பவருக்கு நல்லது. 64-பிட் சிப், 4 ஜி.பி. ரேம், 16 ஜி.பி. இடம் வேண்டும். டிஸ்க் முழுவதையும் அழித்துவிடும், பக்கத்தில் விண்டோஸை வைத்துக்கொள்ள முடியாது. பிளே ஸ்டோர் இல்லை.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலுவலகங்களிலிருந்து வந்த பழைய டெஸ்க்டாப்புகள், லேப்டாப்புகள் விற்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்ப்பது?
— ஆட்டோ ஓட்டுநர், சென்னை

மின்ட் எழுதிய பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் போட்டுவைத்த விண்டோஸில் பார்ப்பதைவிட அதில் பூட் செய்து பார்ப்பது நம்பகமானது, ஆக்டிவேஷன் விளையாட்டுகளும் கண்ணை மறைக்காது. ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஸ்மார்ட் விவரத்தை (டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பை) பாருங்கள். ஹார்டு டிஸ்க் என்றால் பழுதான இடங்களைக் காட்டும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-ல் ஒன்று இருந்தாலும் அந்த டிஸ்க்குக்கு விலை கொடுக்காதீர்கள், குறைத்துக் கேளுங்கள். 9-வது வரி எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும்.

நான்காம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 11 வேண்டும் என்றால் எட்டாம் தலைமுறை. டெஸ்க்டாப்பில் பக்கமூடியைக் கழற்றி மதர்போர்டைப் பாருங்கள். உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அடுத்த கடை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வரிசைகளில் பல மாடல்களின் பவர் சப்ளை இணைப்பு அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. சாதாரண எஸ்.எம்.பி.எஸ். செருகாது. அது போனால் அதே மாடலைத் தேட வேண்டும், அல்லது மாற்றுக் கேபிள் வாங்க வேண்டும்.

லேப்டாப் என்றால் பணம் கொடுக்கும் முன் பயாஸுக்குள் போய் ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேமிக்க முடிகிறதா என்று பாருங்கள். பழைய நிறுவனம் வைத்த சூப்பர்வைசர் பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம். ‘பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் சார்’ என்பார்கள். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் போகும். திங்க்பேட் போன்றவற்றில் அது தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும், பேட்டரியைக் கழற்றி ஒரு மாதம் வைத்தாலும் போகாது.